தாகமும் கவனமும்: உடலில் நீர் குறையும்போது மனம் எதை இழக்கிறது?

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2015 இல் வெளியானது. பங்கேற்றவர்கள் இளைஞர்கள் 11 பேர். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே திரையில் ஓடும் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். சலிப்பூட்டும் சாலையாகவே அது அமைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை அவர்கள் வழக்கம்போலத் தண்ணீர் குடித்தார்கள். ஓட்டும்போதும் மணிக்கு 200 மில்லி கிடைத்தது. இன்னொருமுறை முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குறைக்கப்பட்டது. ஓட்டும்போது மணிக்கு 25 மில்லிதான். நீர் போதிய அளவில் இருந்தபோது சராசரியாக 47 தவறுகள் நேர்ந்தன. குறைந்தபோது 101. தடம் விலகுவது, பிரேக்கைத் தாமதமாக மிதிப்பது, ஓரக்கோட்டை உரசுவது போன்ற தவறுகள் அவை. அந்த இளைஞர்கள் இழந்திருந்தது உடல் எடையில் ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே.

தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது மது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம் என்று செய்திகள் வந்தன. அத்தகைய தலைப்பு எளிதில் மனதில் பதிந்துவிடும். ஆனால் 11 பேரிடம் செய்த ஒரு சோதனை கேள்வியைக் கிளப்பலாம். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. உடலில் நீர் குறைந்தால் விழிப்பு மங்குகிறதா? கண்டதும் கையும் காலும் இயங்கும் வேகம் குறைகிறதா? எவ்வளவு குறைந்தால்? எந்த வேலையில்? இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து இன்றுவரை இந்தக் கேள்விகளுக்குப் பல நாடுகளில் விடை தேடியிருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. மிதமான நீரிழப்பு நம் எதிர்வினை வேகத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. கவனத்தை நெடுநேரம் தக்கவைக்கும் திறனைத்தான் முதலில் அரிக்கிறது. எனவே மணிக்கணக்காகக் கவனம் வைத்தாக வேண்டியவரும், நினைத்த நேரத்தில் தண்ணீர் குடிக்க முடியாதவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில்தான் ஆபத்து குவிகிறது.

வேகம் வேறு, விழிப்பு வேறு

எதிர்வினை நேரத்தை அளந்து மனத்தின் வேலையைப் புரிந்துகொள்ள முயன்ற முன்னோடி நெதர்லாந்து மருத்துவர் ஃபிரான்ஸ் டோண்டர்ஸ். 1868 இல் வெளியான ஆய்வில் அவர் இரண்டு வகைச் சோதனைகளை ஒப்பிட்டார். ஒரே சமிக்ஞை, ஒரே பதில் என்பது முதல் வகை. பல சமிக்ஞைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் உரிய பதிலைத் தேர்ந்து செய்ய வேண்டும் என்பது இரண்டாம் வகை. இரண்டுக்கும் இடையிலான நேர வேறுபாடுதான் மனம் முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம் என்றார். நலமுள்ள இளைஞர் ஒருவர் விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். தேர்ந்து அழுத்த வேண்டுமானால் அதைவிடக் கூடுதலாகும்.

விழிப்பை அளப்பதற்கு இது போதாது. ஓரிரு நிமிடம் முனைந்து உட்கார்ந்தால் களைத்தவராலும் வேகமாகப் பொத்தானை அழுத்திவிட முடியும். அதனால் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் டிஞ்சஸும் அவருடைய சகாவும் 1985 இல் வேறொரு சோதனையை வடிவமைத்தார்கள். பத்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு முதல் பத்து விநாடி இடைவெளியில், எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி எண் தோன்றும். தோன்றியதும் அழுத்த வேண்டும். அரை விநாடிக்குமேல் தாமதமானால் அது கவனச் சறுக்கல். ஒருவரின் சராசரி வேகம் அப்படியே இருக்க, சறுக்கல்களின் எண்ணிக்கை மட்டும் ஏறக்கூடும்.

சாலையில் இந்த வேறுபாட்டின் பொருள் என்ன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து ஒரு விநாடியில் 22 மீட்டர் நகரும். ஓட்டுநரின் எதிர்வினை 20 மில்லி விநாடி மந்தமானால் பேருந்து அரை மீட்டர்கூடக் கூடுதலாகப் போகாது. கவனம் ஒரு விநாடி சறுக்கினால் 22 மீட்டர் போய்விடும். இனி வரும் ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உடல் காக்கும் சமநிலை

வளர்ந்த ஆணின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். பெண்ணுக்கு 50 முதல் 55 சதவீதம். மூளையில் முக்கால் பங்கு நீர்தான். இரத்தத்தில் கரைந்துள்ள பொருள்களின் செறிவை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் காத்துவருகிறது. செறிவு ஓரிரு சதவீதம் கூடினாலே மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸும் அதை ஒட்டிய சிறு பகுதிகளும் அதை உணர்கின்றன. வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரந்து சிறுநீரகத்தில் நீரைத் தடுத்து வைக்கிறது, தாகம் எழுகிறது. நாள் முழுவதும் நாம் கணக்குப் பார்க்காமலே உயிர் வாழ்வது இந்த ஏற்பாட்டால்தான்.

ஆனால் கடும் வெயிலிலும் கடும் உழைப்பிலும் அது பின்தங்கிவிடுகிறது. போர்க்காலத்தில் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களோடு இருந்து ஆராய்ந்தார்கள். பாலைவனத்தில் மனித உடலியங்கியல் பற்றிய அவர்களுடைய நூல் 1947 இல் வெளியானது. வேண்டிய தண்ணீர் பக்கத்திலேயே இருந்தாலும் உழைக்கும் மனிதர்கள் வியர்வையில் இழந்த அளவுக்குக் குடிப்பதில்லை, சாப்பாட்டு வேளையில்தான் ஈடுகட்டுகிறார்கள் என்பது அவர்கள் கண்டறிந்த முக்கியமான செய்தி. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1 சதவீத இழப்பு என்பது 600 மில்லி. 2 சதவீதம் என்றால் 1.2 லிட்டர். வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஆக, தண்ணீர் குடிக்காத இரண்டு மணி நேர வேலை அவரை 2 சதவீதத்துக்கு மேலேயே கொண்டுபோய்விடும்.

இரண்டு சதவீதம் என்ற எல்லை

உடல் எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தால் மனத்திறன் குறையும் என்பது பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். அதற்கு அடித்தளமிட்ட ஆய்வுகளில் ஒன்று இந்தியாவில் நடந்தது. டெல்லியில் உள்ள பாதுகாப்புத் துறை உடலியங்கியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கோபிநாதன், பிச்சன், சர்மா ஆகியோர் அதை 1988 இல் வெளியிட்டார்கள். படைவீரர்கள் 11 பேரை 45 டிகிரி வெப்பத்தில் உடற்பயிற்சி செய்யவைத்து, தண்ணீரைக் கட்டுப்படுத்தி, 1, 2, 3, 4 சதவீதம் என்று தனித்தனி அளவுகளுக்கு நீரிழக்கச் செய்தார்கள். உடனே சோதிக்கவில்லை. களைப்பும் உடல் சூடும் தணியும்வரை ஓய்வு கொடுத்த பிறகே தொடர் கூட்டல், சொல் நினைவு, எண்களைத் தேடி வரிசையாக இணைத்தல் ஆகிய சோதனைகளை வைத்தார்கள். 1 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2 சதவீதத்திலிருந்து மூன்று சோதனைகளிலும் திறன் சரிந்தது. இழப்பு கூடக்கூடச் சரிவும் கூடியது.

ஓய்வு கொடுத்துச் சோதித்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு. சூடும் களைப்பும் தனியாகவே மனத்தைப் பாதிக்கக்கூடியவை. அவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் நீரிழப்பின் விளைவு எஞ்சியது. பிரான்சில் சியானும் சகாக்களும் 2000 இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியை வேறு வழியில் அணுகியது. ஒருமுறை வெப்ப அறையில் வெறுமனே இருக்கவைத்தும், மறுமுறை டிரெட்மில்லில் ஓடவைத்தும் ஆண்களை ஏறத்தாழ 2.8 சதவீதம் நீரிழக்கச் செய்தார்கள். எந்த வழியில் நீர் போனாலும் பாதிப்பு ஒத்திருந்தது. பார்த்து முடிவெடுக்கும் நேரம் நீண்டது. குறுகியகால நினைவு தளர்ந்தது.

எல்லைக்குக் கீழே

அலுவலகத்திலும் வகுப்பறையிலும் இருக்கும் மனிதர்கள் 2 சதவீதத்தைத் தொடுவது அரிது. அதனால் அடுத்த தலைமுறை ஆய்வுகள் சிறு இழப்பின் பக்கம் திரும்பின. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள் இவற்றில் முக்கியமானவை. 2011 இல் வெளியான முதல் ஆய்வில் ஆண்கள் 26 பேர் பங்கேற்றார்கள். சராசரி இழப்பு 1.59 சதவீதம். கவனம் தேவைப்படும் சோதனையில் அவர்களுடைய தவறுகள் கூடின. காட்சி நினைவுச் சோதனையில் பதில் தாமதமானது. களைப்பும் பதற்றமும் அதிகமானதாக அவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டில் வெளியான ஆய்வில் பெண்கள் 25 பேர். சராசரி இழப்பு 1.36 சதவீதம். சோதனைகளில் பெரும்பாலானவற்றில் அவர்களுடைய திறன் குறையவில்லை. ஆனால் தலைவலி வந்தது, உற்சாகம் குறைந்தது, மனம் ஒருமைப்படவில்லை, அதே வேலை முன்பைவிடக் கடினமாகத் தோன்றியது.

வெப்பமும் உடற்பயிற்சியும் இல்லாமல் தண்ணீரை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும்? சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் சின்னாய் குழுவினர் 8 ஆண்களையும் 8 பெண்களையும் 28 மணி நேரம் தண்ணீரில்லாமல் இருக்கவைத்தார்கள். முடிவு 2005 இல் வெளியானது. இழப்பு 2.6 சதவீதம், புகழ்பெற்ற எல்லைக்கு மேலேதான். ஆயினும் மொத்தத்தில் மனத்திறன் சோதனைகளில் சரிவு காணப்படவில்லை. தேர்வு எதிர்வினை நேரம் பெண்களுக்கு நீண்டது; ஆண்களுக்குக் குறைந்தது. ஆனால் இரு பாலாரும் தாங்கள் சோர்ந்திருப்பதாகவும், விழிப்பு மங்கியிருப்பதாகவும், அதே வேலைக்குக் கூடுதலாக முயல வேண்டியிருப்பதாகவும் சொன்னார்கள். அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வும் மிதமான வெப்பநிலையிலும் குளிரிலும் காவல் பணி போன்ற வேலைகளில் நீரிழப்பால் பாதிப்பு இல்லை என்றே காட்டியது.

மொத்தக் கணக்கு

ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும் இந்த முடிவுகளை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த விட்புரோட்டும் மில்லார்ட் ஸ்டாஃபோர்டும் 2018 இல் ஒரே தராசில் நிறுத்தினார்கள். 33 ஆய்வுகள், 413 பேர், 1 முதல் 6 சதவீதம் வரையிலான இழப்பு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது பாதிப்பு உண்டு என்று தெரிந்தது. ஆனால் அது சிறியது; ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரப்படுத்திய அளவில் 0.21 தான். 2 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களிடம் அது பெரிதாக இருந்தது. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அடுத்த முடிவு. கவனம், திட்டமிட்டுச் செயல்படுதல், கைகால் ஒருங்கிணைப்பு ஆகியவற்றில் பாதிப்பு தெளிவாக இருந்தது. எதிர்வினை நேரத்தில் அது குறைவாகவே இருந்தது.

இதை வைத்துப் பார்த்தால் முரண்பாடு பெருமளவு விலகுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆர்வமூட்டும் சோதனையில் மனம் தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, வேகம் குறைவதில்லை. சோதனை நீண்டு சலிப்பூட்டும்போது பிடி தளர்கிறது. பொத்தானை அழுத்தும் சோதனையில் தெரியாத சரிவு லஃப்பரோவின் இரண்டு மணி நேர நெடுஞ்சாலையில் வெளிப்பட்டதற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். அந்தச் சோதனையிலும் நேரம் செல்லச் செல்லத்தான் தவறுகள் பெருகின.

கவனம் ஏன் முதலில் தளர்கிறது?

ஒரு காரணம் முயற்சியின் விலை. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கெம்ப்டனும் சகாக்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் பதின்வயதினர் 10 பேரை வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்யவைத்து, பிறகு ஸ்கேன் கருவிக்குள் ஒரு திட்டமிடல் புதிரைத் தீர்க்கச் சொன்னார்கள். நீரிழந்த நிலையிலும் அவர்கள் அதே அளவு சரியாகவே தீர்த்தார்கள். ஆனால் மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டு மேற்பகுதியும் கூடுதலாக உழைத்தது படங்களில் தெரிந்தது. வெளியில் தெரியும் விளைவு ஒன்றுதான். உள்ளே அதற்குக் கொடுத்த விலை அதிகம். பேசல் நகரத்துச் சோதனையில் பங்கேற்றவர்கள் கூடுதல் முயற்சி என்று சொன்னதும், கனெக்டிகட் பெண்கள் வேலை கடினமாகத் தெரிகிறது என்று சொன்னதும் இதைத்தான். அந்தக் கூடுதல் விலையைப் பத்து நிமிடம் கொடுக்கலாம். எட்டு மணி நேரம் கொடுக்க முடியாது.

மற்றொரு காரணம் தாகமே. தாகம் தொண்டையில் மட்டும் நிற்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், தாகமுற்ற எலிகளின் மூளையில் 34 பகுதிகளில் ஏறத்தாழ 24,000 நரம்பணுக்களின் செயல்பாட்டைப் பதிவு செய்தார்கள். தாகம் என்ற நிலை மூளை முழுவதிலும் பரவியிருந்தது. வயிறாரக் குடித்தபின் அந்த நிலை மாறியது. தாகத்தை உணரும் சிறு நரம்பணுக் கூட்டத்தைச் செயற்கையாகத் தூண்டியபோது, குடித்து முடித்த எலியின் மூளையும் பழையபடி தாக நிலைக்குத் திரும்பியது. உயிர் காக்கும் தேவை ஒன்று இப்படி மூளை முழுவதையும் தன் பக்கம் திருப்பும்போது, கையிலிருக்கும் வேலைக்கு மிஞ்சும் கவனம் குறைவதில் வியப்பில்லை.

குடித்த உடனே தெளிவு பிறப்பதுபோல் நாம் உணர்வதற்கும் இங்கேயே விளக்கம் இருக்கிறது. குடித்த நீர் இரத்தத்தில் கலந்து செறிவைச் சரிசெய்யப் பல நிமிடங்கள் ஆகும். ஆனால் எலிகளின் தாக நரம்பணுக்கள் குடிக்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன என்று 2016 இல் ஸிம்மர்மன் குழுவினர் காட்டினார்கள். வாயும் தொண்டையும் தரும் செய்தியை நம்பி, வரப்போகும் நீரை மூளை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மனிதர்களிடமும் இதற்கு ஒத்த முடிவு ஒன்று உண்டு. கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட்ஸும் சகாக்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வில் 34 பேர் ஒருமுறை தண்ணீர் குடித்தும் இன்னொருமுறை குடிக்காமலும் எதிர்வினைச் சோதனையைச் செய்தார்கள். தாகத்தோடு வந்தவர்கள் தண்ணீர் குடித்தபின் 14 சதவீதம் வரை வேகமாகச் செயல்பட்டார்கள். தாகமில்லாதவர்களுக்கு அந்தப் பயன் இல்லை. தேவைப்படும்போது குடித்தால்தான் நீர் மனத்துக்கு உதவுகிறது.

எங்கே எச்சரிக்கை வேண்டும்

இந்த ஆய்வுகளின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை பத்து, இருபது பேரிடம் செய்தவை. பங்கேற்றவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், அதிலும் ஆண்கள். மாத்திரைச் சோதனையில் போலி மாத்திரை கொடுத்து மறைப்பதுபோல் தண்ணீர்ச் சோதனையில் மறைக்க முடியாது. தனக்குத் தண்ணீர் மறுக்கப்படுகிறது என்று பங்கேற்பவருக்குத் தெரியும். அந்த எரிச்சலே கவனத்தைக் கெடுத்திருக்கலாம். மிதிவண்டி ஓட்டும் திறனைச் சோதித்த லஃப்பரோ ஆய்வாளர்கள் 2017 இல் இதற்கு வழி கண்டார்கள். மூக்கு வழியே குழாய் செலுத்தி, எவ்வளவு நீர் உள்ளே போகிறது என்று வீரர்களுக்கே தெரியாமல் செய்தார்கள். அப்போதும் நீரிழந்தவர்களின் ஓட்டும் திறன் குறைந்தது. மனத்திறன் ஆய்வுகளில் இத்தகைய ஏற்பாடு அரிது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன வாகன ஆய்வுக்கு நிதி தந்தது ஐரோப்பிய நீர்ச்சத்து நிறுவனம். அந்த நிறுவனத்துக்குக் கோக்கோ கோலாவின் ஆதரவு இருந்தது. இதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் பானம் விற்பவர்களின் பணத்தில் கிடைத்த முடிவு, அவர்களோடு தொடர்பில்லாதவர்களால் மறுபடி சோதிக்கப்பட்ட பிறகே கொள்கைக்கு அடிப்படையாக வேண்டும்.

தூக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. விழிப்பைத் தீர்மானிப்பதில் தூக்கத்துக்கு இணை எதுவும் இல்லை. இரவு முழுவதும் கண்விழித்த ஓட்டுநருக்குத் தண்ணீர் பாட்டில் மருந்தாகாது. அவருக்கு வேண்டியது படுக்கை.

எவ்வளவு குடிப்பது?

நாளுக்கு எட்டு டம்ளர் என்ற விதிக்கு அறிவியல் சான்று தேடிப் புறப்பட்ட அமெரிக்கச் சிறுநீரக அறிஞர் ஹெய்ன்ஸ் வால்டின், அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று 2002 இல் எழுதினார். 1945 இல் வெளியான ஓர் அமெரிக்க உணவுப் பரிந்துரை நாளுக்கு 2.5 லிட்டர் என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் தொடர்ந்து ஒரு வாக்கியத்தில் சொன்னது. அந்த வாக்கியம் மறக்கப்பட்டதே விதி பிறக்கக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010 இல் ஆணுக்கு 2.5 லிட்டர், பெண்ணுக்கு 2 லிட்டர் என்று வகுத்த அளவும் உணவில் உள்ள நீரையும் சேர்த்ததே. மிதமான வெப்பத்தில், மிதமாக உழைப்பவர்களுக்கு உரிய அளவு அது. சோறும் ரசமும் மோரும் காய்களும் சாப்பிடுகிறவர் உணவோடு கணிசமான நீரைச் சேர்த்தே உட்கொள்கிறார்.

காபி நீரை வற்றவைக்கும் என்ற அச்சமும் மிகையானது. வழக்கமாகக் காபி குடிக்கும் ஆண்கள் 50 பேரிடம் பர்மிங்காம் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2014 இல் வெளியானது. அளவாகக் காபி குடித்த நாள்களிலும் தண்ணீர் குடித்த நாள்களிலும் அவர்களுடைய உடல் நீர் நிலையில் வேறுபாடு இல்லை.

மிகையாகக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தச் சோதனைக்கு உட்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. இழந்ததைவிட அதிகமாகக் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியவர்களிடம் இது மிகுதி. சோடியம் வெகுவாகக் குறைந்தால் குழப்பமும் வலிப்பும் வரும், உயிரும் போகலாம். வெயிலில் உழைப்பவர்களுக்கு அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி. எப்படியானாலும் மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது. நெடுநேரம் வியர்ப்பவர்களுக்கு உப்பும் வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் நம் வயல்வெளிகளில் காலங்காலமாகச் செய்துவந்த வேலை அதுதான்.

யாருக்கு ஆபத்து?

தாகத்தை நம்பினால் போதும் என்பது நலமுள்ள, நினைத்தபோது குடிக்க முடிகிற பெரியவர்களுக்குப் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தாது.

முதியவர்களுக்குத் தாகமே மந்தமாகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 1984 இல் வெளியான ஓர் ஆய்வில் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்த பிறகு, 67 முதல் 75 வயதுடைய ஆண்கள் இளைஞர்களைவிடக் குறைவாகவே தாகத்தை உணர்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டி கேட்காவிட்டாலும் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

குழந்தைகள் விளையாட்டிலும் பாடத்திலும் தாகத்தை மறந்துவிடுகிறார்கள். எட்மண்ட்ஸ் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 9 வயதுள்ள பிள்ளைகளில் கூடுதலாக 250 மில்லி தண்ணீர் குடித்தவர்கள் காட்சிக் கவனச் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். கேரளப் பள்ளிகளில் 2019 இல் பரவி, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்துள்ள தண்ணீர் மணி நல்ல ஏற்பாடு. ஆனால் மணி அடித்தால் மட்டும் போதாது. கழிப்பறை தூய்மையாக இல்லாத பள்ளியில் மாணவிகள் தண்ணீரைத் தள்ளிவைக்கத்தான் செய்வார்கள்.

இதே கதை வேலைத்தலத்தில் இன்னும் கடுமையாகத் தொடர்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் சகாக்களும் தென்னிந்தியப் பணியிடங்களில் பல ஆண்டுகளாக வெப்பத்தை அளந்துவருகிறார்கள். வெப்பத்தில் உழைக்கும் பெண்கள் 312 பேரை வைத்து அவர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வு, போதிய கழிப்பறை இல்லாத வேலைத்தலங்களில் பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொல்லைகள் வருவதைப் பதிவு செய்தது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடத்திய பிந்தைய ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைத்த வரம்புக்கு மேலான வெப்பத்தில் உழைத்தார்கள். 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. சிறுநீரகம் வரை சென்று தாக்கும் நீரிழப்பு, அதற்கு வெகுமுன்பே அவர்களுடைய கவனத்தையும் தெளிவையும் தொட்டிருக்கும் என்று கருத இதுவரை பார்த்த ஆய்வுகள் போதுமான ஆதாரம்.

ஓட்டுநர்களின் நிலையும் இதற்கு நெருக்கமானது. என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். நிறுத்த இடமில்லை, நேரமில்லை. வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதால் தண்ணீரைக் குறைப்பது இயல்பாகிவிடுகிறது. நீண்ட, சலிப்பூட்டும், ஒரு விநாடிச் சறுக்கலுக்கும் இடமில்லாத வேலை. மிதமான நீரிழப்பு எங்கே மிகவும் காயப்படுத்தும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவோ, சரியாக அந்த இடத்தில் அவர்களை நிறுத்தியிருக்கிறோம்.

இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குடிநீரை முதலாளியின் கடமையாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றது. அதே சட்டம் ஓய்வில்லாமல் ஐந்து மணி நேரம் வரை வேலை வாங்கவும் இடம் கொடுத்தது. மணிக்கு அரை லிட்டர் வியர்த்தால்கூட ஐந்து மணி நேரத்தில் 2.5 லிட்டர் போய்விடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 4 சதவீதம். தண்ணீர் இருப்பதும், அதைக் குடிக்க நேரம் இருப்பதும், குடித்த பிறகு போக ஒரு கழிப்பறை இருப்பதும் மூன்று தனி உரிமைகள். முதலாவதை மட்டும் எழுதிவைத்துவிட்டு மற்ற இரண்டையும் தற்செயலுக்கு விட்டால் முதலாவதும் பயனற்றுப்போகும்.

எண்பது ஆண்டு ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். விசிறியின் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு டம்ளர்க் கணக்கு தேவையில்லை. தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். பாட்டில் விற்பவர்களின் எச்சரிக்கைக்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உப்பளத்திலும் கட்டட வேலையிலும் செங்கல் சூளையிலும் ஓட்டுநர் இருக்கையிலும் இருப்பவர்களிடம் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை சொல்லி ஒதுங்குவது நியாயமில்லை. வெப்பமான வேலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், பணி அட்டவணையிலேயே எழுதப்பட்ட இடைவேளை, பேருந்து நிறுத்தத்திலும் உப்பளத்திலும் பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை: இம்மூன்றும் செலவு குறைந்தவை, செய்துகாட்டக் கூடியவை. ஓட்டுநரின் கவனம் பயணிகளின் உயிரைக் காக்கிறது. அந்தக் கவனத்தைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.